வெட்டுவதா, நீக்குவதா? உள் அணிகளும் அவற்றுக்கு மாற்று வழிகளும்

ஓர் அணியை, அதாவது எண்களை நிரை நிரலாக அடுக்கிய மேட்ரிக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நான்கைந்துதான். இதன் அணித்தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை, என்ன? நேர்மாறு உண்டா? இது மிகை உறுதி அணியா, அதாவது வகுப்பில் பாசிட்டிவ் டெஃபினிட் என்று சொல்கிறார்களே, அதுவா? இதில் ஒரு பகுதியை மட்டும் தனியே எடுத்தால் அதற்கு என்ன பொருள்? இவற்றில் எதைக் கேட்டாலும் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். சில நிரைகளையும் நிரல்களையும் வெட்டி எடுத்து, கிடைக்கும் சிறு அணிகளின் அணிக்கோவைகளை (டிடர்மினன்ட்) பார்க்கலாம். அல்லது கணித மேதை காஸ் காட்டிய வழியில் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே இறங்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இரண்டும் வந்துவிடுகின்றன. சிற்றணிக்கோவைகளால் அணித்தரம் காண்பதும் அங்கே உண்டு, நீக்கலில் கிடைக்கும் ஏறுபடி வடிவத்தால் காண்பதும் உண்டு. எந்த இடத்தில் எதைக் கையில் எடுப்பது என்பதுதான் பலருக்குக் கடைசிவரை தெளிவதில்லை. கிண்டியில் பொறியியல் படிப்பவருக்கும், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகம் ஒன்றில் தரவோடு மல்லுக்கட்டுபவருக்கும் இதே குழப்பம் வேறு வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. எங்கள் கருத்து இது: அணி சிறியதாக இருந்தாலோ, எண்களுக்கு நடுவே தெரியாத எழுத்து ஒன்று இருந்தாலோ, தவறு எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தாலோ வெட்டுங்கள். மற்ற எல்லா இடத்திலும் நீக்குங்கள். ஆனால் இரண்டும் ஒரே விடையைத் தராத இடம் ஒன்று உண்டு. தரவு வேலையில் பெரிய பிழைகள் பிறப்பது அங்கேதான் என்பதால் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

எத்தனை உள் அணிகள்?

ஓர் அணியில் சில நிரைகளையும் சில நிரல்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உள் அணி. வைத்துக்கொள்ளும் நிரைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. 1, 3 என்று விட்டுவிட்டும் எடுக்கலாம். சதுர உள் அணியின் அணிக்கோவைதான் சிற்றணிக்கோவை. நிரைகளுக்கு எந்த எண்களைத் தேர்ந்தோமோ அதே எண்களை நிரல்களுக்கும் தேர்ந்தால் அது முதன்மை உள் அணி. அவற்றிலும், இடது மேல் மூலையில் தொடங்கி 1×1, 2×2, 3×3 என்று வளர்பவை தனி வகை. அவற்றை இங்கே மூலை அணிகள் என்று சுருக்கமாகச் சொல்கிறோம்.

இந்த மூன்று வகைகளின் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று வெகு தூரம். 10×10 அணியில் மூலை அணிகள் 10. முதன்மை உள் அணிகள் 1,023. எல்லாச் சதுர உள் அணிகளும் சேர்ந்து 1,84,755. எந்தத் தேற்றம் எந்த வகையைப் பார்க்கச் சொல்கிறது என்று கவனிக்காவிட்டால், பத்து கணக்கில் முடிய வேண்டியது ஆயிரமாகும். அதைவிட மோசம், ஆயிரம் பார்க்க வேண்டிய இடத்தில் பத்தோடு நிறுத்திவிடுவது.

அணிக்கு மேட்ரிக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை 1850-ல் அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். லத்தீனில் அதற்குக் கருப்பை என்று பொருள். நிரைகளையும் நிரல்களையும் தேர்ந்தெடுத்துப் பல அணிக்கோவைகளைப் பிறப்பிக்கும் இடம் என்ற எண்ணத்தில்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். அணி என்ற கருத்தே உள் அணிகளுக்காகப் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அணித்தரம்: மூன்று வழிகள்

முதலில் ஒரு சிறு அணி:

1  3  2  5
2  6  5  11
3  9  7  16

சிற்றணிக்கோவை வழியில் போனால் முதலில் 3×3 அணிக்கோவைகள் நான்கையும் பார்க்க வேண்டும். நான்கும் பூச்சியம். பிறகு 2×2. இடது மேல் மூலையில் இருப்பது 1×6 − 3×2 = 0. இங்கேயே நிறுத்தி "அணித்தரம் 1" என்று எழுதுவது தேர்வுத்தாளில் அடிக்கடி நேரும் தவறு. 2×2 சிற்றணிக்கோவைகள் 18 இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது பூச்சியமில்லாமல் இருந்தால் போதும். முதல் இரண்டு நிரைகள், 1, 3-ஆம் நிரல்கள்: 1×5 − 2×2 = 1. எனவே அணித்தரம் 2.

நீக்கல் வழியில் இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் இரு மடங்கையும், மூன்றாம் நிரையிலிருந்து மும்மடங்கையும் கழித்தால் இரண்டு இடத்திலும் 0 0 1 1 வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஒரு நிரை முழுதும் பூச்சியம். மூன்று செயல்களில் முடிந்தது.

வெட்டும் வழியையே எடுத்தாலும் அதைச் சுருக்க ஒரு நல்ல உத்தி உண்டு. மேலிருந்து இறங்காமல் கீழிருந்து ஏறுங்கள். பூச்சியமில்லாத 2×2 ஒன்று கிடைத்தவுடன், அதைச் சுற்றி ஒரு நிரையும் ஒரு நிரலும் சேர்த்துக் கிடைக்கும் 3×3-களை மட்டும் பார்த்தால் போதும். அவை எல்லாம் பூச்சியமானால் மற்ற எந்த 3×3-உம் பூச்சியமே. மேலே உள்ள அணியில் நான்குக்குப் பதில் இரண்டுதான் பார்க்க வேண்டும். இங்கே மிச்சம் சிறிது. அணித்தரம் 4 உள்ள 10×10 அணியில் 5×5 சிற்றணிக்கோவைகள் 63,504 இருக்கின்றன. இந்த உத்தியில் பார்க்க வேண்டியவை 36. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது வருத்தமான விஷயம்.

அணியில் ஒரு தெரியாத எண் இருந்தால் நிலைமை தலைகீழ். இதைப் பாருங்கள்:

1  1  க
1  க  1
க  1  1

க-வின் மதிப்பைப் பொறுத்து அணித்தரம் என்ன? நீக்கல் வழியில் போகிறவர் இரண்டாம் படியில் (க − 1) ஆல் வகுப்பார். க = 1 என்ற நிலை அந்த இடத்தில் சத்தமில்லாமல் தொலைந்துவிடும். அணிக்கோவை வழியிலோ எதுவும் தொலையாது. அணிக்கோவையின் மதிப்பு −(க − 1)²(க + 2). எனவே க 1-ஆகவோ −2-ஆகவோ இல்லாவிட்டால் அணித்தரம் 3. க = −2 என்றால் மூலையில் உள்ள 2×2-ன் மதிப்பு −3; ஆக அணித்தரம் 2. க = 1 என்றால் எல்லா 2×2-உம் பூச்சியம்; அணித்தரம் 1. "தீர்வு இல்லை, ஒரே தீர்வு, எண்ணற்ற தீர்வுகள் எப்போது" என்று கேட்கும் வினாக்களுக்கு இந்த வழியையே பரிந்துரைக்கிறோம். நீக்கல்தான் கைவரும் என்றால், எழுத்துள்ள கோவையால் வகுக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் "இது பூச்சியமானால்?" என்று எழுதிவைத்து, அந்த நிலையைத் தனியாகத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எண்கள் அளவீடுகளிலிருந்து வருகின்றன என்றால் இந்த இரண்டு வழியும் போதாது. அணிக்கோவை சிறியதாக இருந்தால் அணி பூச்சியக்கோவை அணிக்கு (நேர்மாறு இல்லாத அணிக்கு) அருகில் இருக்கிறது என்று நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. மூலைவிட்டம் முழுதும் 0.1, மற்ற இடமெல்லாம் பூச்சியம் என்ற 400×400 அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நேர்மாறை மனக்கணக்காகவே சொல்லலாம். அணிக்கோவையோ 10⁻⁴⁰⁰. இரட்டைத் துல்லியத்தில் கணினி பிடித்துவைக்கக்கூடிய மிகச் சிறிய எண்ணே 10⁻³²⁴-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே விடை 0 என்று வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூலைவிட்டத்தில் 1, அதற்கு மேலே எல்லா இடத்திலும் −1, கீழே பூச்சியம் என்ற 40×40 அணி. இதன் அணிக்கோவை சரியாக 1. எல்லா மூலை அணிகளின் அணிக்கோவைகளும் 1. ஏறுபடி வடிவத்தில்தான் ஏற்கெனவே இருக்கிறது. நாற்பது பிவட்டுகளும் (நீக்கலில் ஒவ்வொரு படியிலும் வகுக்கும் மூலைவிட்ட எண்கள்) 1. இருந்தும், இடது கீழ் மூலையில் இருக்கும் பூச்சியத்தை −2⁻³⁸ ஆக, அதாவது ஏறக்குறைய −3.6×10⁻¹² ஆக மாற்றினால் போதும், இது பூச்சியக்கோவை அணியாகிவிடும். வெட்டும் வழியும் நீக்கும் வழியும் ஒருசேர ஏமாறும் இடம் இது. அணி வெவ்வேறு திசைகளில் எத்தனை மடங்கு நீட்டுகிறது என்று காட்டும் சிங்குலர் மதிப்புகள் மட்டுமே உண்மையைச் சொல்லும்: அவற்றில் கடைசியானது பூச்சியத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

எனவே அளவீட்டுத் தரவுக்குச் சிங்குலர் மதிப்புப் பிரிப்புதான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பைத்தான் மொழியின் எண்கணக்கு நூலகமான நம்பையின் (NumPy) அணித்தரச் செயல்கூறு, மிகப் பெரிய சிங்குலர் மதிப்பு × அணியின் நீளமான பக்கம் × 2.2×10⁻¹⁶ என்ற எல்லைக்குக் கீழே இருப்பவற்றை மட்டுமே பூச்சியமாகக் கொள்ளும். அது கணினியின் வட்டமிடல் பிழைக்கான எல்லை. உங்கள் அளவுகோலின் பிழைக்கானது அல்ல. அளவீடு இரண்டு தசம இடம் வரைதான் நம்பத்தக்கது என்றால், அதற்கேற்ற எல்லையை நீங்களே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தரவைக் கொடுத்தாலும் "முழு அணித்தரம்" என்றே வரும்.

மிகை உறுதி அணியா என்று பார்ப்பது

பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஆகிய மூன்று ஏரிகளின் நீர் இருப்புக்கு ஒட்டுறவு அணி, அதாவது ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகிறது என்பதை −1 முதல் 1 வரையான எண்ணால் சொல்லும் அணி, தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களுக்கு ஓர் ஏரியின் அளவு விடுபட்டிருக்கிறது, வேறு சில நாட்களுக்கு இன்னொன்றின் அளவு. ஒவ்வொரு ஜோடிக்கும் கிடைத்த நாட்களை வைத்துத் தனித்தனியாக ஒட்டுறவு கணக்கிட்டால் இப்படி வரக்கூடும் (எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை):

1    0.9  0.9
0.9  1    0.5
0.9  0.5  1

ஒவ்வொரு ஜோடியும் தனியாகப் பார்த்தால் நல்லபடியாக இருக்கிறது. 2×2 முதன்மைச் சிற்றணிக்கோவைகள் 0.19, 0.19, 0.75; எல்லாம் மிகை. 3×3 அணிக்கோவை மட்டும் 1 + 0.81 − 1.87 = −0.06. உண்மையான ஒட்டுறவு அணியில் இது குறை எண்ணாக வராது; ஆகவே இப்படி ஓர் ஒட்டுறவு அணி உலகில் இருக்க முடியாது. பூண்டியோடு இரண்டும் 0.9 ஒட்டினால், அவை தங்களுக்குள் 0.62-க்குக் குறையாமல் ஒட்டியே ஆக வேண்டும், 0.81 − 0.19 என்ற கணக்கு அது. இதைக் கவனிக்காமல் மேலே போனால், ஏதோ ஒரு கூட்டுச் சராசரியின் மாறுபாடு குறை எண்ணாக வந்து நிற்கும்.

சமச்சீர் அணி ஒன்றைப் பூச்சியமில்லாத எந்த வெக்டரால் இருபுறமும் பெருக்கினாலும் மிகை எண்ணே வந்தால் அது மிகை உறுதி; பூச்சியமும் வரலாம் என்றால் அரை மிகை உறுதி. சோதிக்க நான்கு வழிகள் உண்டு.

மூலை அணிகளின் அணிக்கோவைகள் அனைத்தும் மிகையா என்று பார்ப்பது சில்வெஸ்டர் பெயரில் வழங்கும் சோதனை. சமச்சீர் அணி மிகை உறுதி என்பதற்கு அது தேவையானது, போதுமானதும்கூட. 3×3 வரை கையால் செய்ய இதைவிட எளியது இல்லை. ஆனால் "மிகை" என்பதை "பூச்சியம் அல்லது மிகை" என்று தளர்த்தி, அரை மிகை உறுதிக்கும் இதையே பயன்படுத்துவது பெரும் தவறு. இந்த அணியைப் பாருங்கள்:

1  1  1
1  1  1
1  1  0

மூலை அணிகளின் அணிக்கோவைகள் 1, 0, 0. ஒன்றும் குறை எண் இல்லை. ஆனால் 2, 3-ஆம் நிரை நிரல்களை எடுத்தால் 1×0 − 1×1 = −1. இது அரை மிகை உறுதி அணி அல்ல. அரை மிகை உறுதிக்கு எல்லா முதன்மை உள் அணிகளையும் பார்த்தாக வேண்டும். 20×20 என்றால் 10,48,575. அந்த அளவில் இந்த வழியைக் கைவிட வேண்டியதுதான். குறை உறுதி அணிக்கு மூலை அணிக்கோவைகள் குறை, மிகை, குறை என்று மாறி மாறி வர வேண்டும். "எல்லாம் குறை" என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை.

சோலெஸ்கி பிரிப்பு இரண்டாவது: அணியை ஒரு கீழ் முக்கோண அணி, அதன் நிரை நிரல் மாற்று அணி ஆகியவற்றின் பெருக்கமாகப் பிரிப்பது; மிகை உறுதி இல்லாவிட்டால் நடுவில் நின்றுவிடும். பிரெஞ்சு ராணுவ அதிகாரியான சோலெஸ்கி 1918-ல் போரில் இறந்தார். அவருடைய முறை 1924-ல்தான் அச்சேறியது. ந×ந அணிக்கு ஏறக்குறைய ந³/3 செயல்கள். ஆயிரம் நிரை உள்ள அணிக்கு முப்பத்து மூன்று கோடி. கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை. இங்கே கவனிக்க வேண்டிய உறவு ஒன்று இருக்கிறது: நீக்கலில் வரும் ஒவ்வொரு பிவட்டும் அடுத்தடுத்த இரண்டு மூலை அணிக்கோவைகளின் விகிதம். மேலே உள்ள ஏரி அணியில் பிவட்டுகள் 1, 0.19, −0.316, கடைசியானது −0.06 ÷ 0.19. சோலெஸ்கி செய்வது சில்வெஸ்டரின் சோதனையையேதான், மலிவாக. அணிக்கோவையை இணைக்காரணிகளால் விரித்துக்கொண்டே போனால் 20×20-க்கு 20! உறுப்புகள், அதாவது 2.4×10¹⁸; நொடிக்கு நூறு கோடி என்று போட்டாலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சோலெஸ்கி தோற்கும்போது எந்தப் படியில் தோற்றது என்பது மதிப்புள்ள தகவல். அணிக் கணக்குகளுக்கான லாபேக் (LAPACK) நூலகம் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்கிறது. பைத்தானின் இன்னொரு நூலகமான சைபை (SciPy) அதைப் பிழைச் செய்தியில் இத்தனையாவது மூலை அணி என்று எழுதியே காட்டுகிறது. நம்பையின் பிழைச் செய்தியில் அந்த எண் இருக்காது. எந்த மாறியில் சிக்கல் என்று தேடுகிறீர்கள் என்றால் சைபையையே பயன்படுத்துங்கள். இன்னொன்று: நம்பை உங்கள் அணி சமச்சீரா என்று பார்ப்பதில்லை. கீழ் முக்கோணத்தை மட்டும் படித்துக்கொண்டு போகும். சைபை இயல்பாக மேல் முக்கோணத்தைப் படிக்கும். சமச்சீர் இல்லாத அணியைக் கொடுத்தால் ஒன்று தேறியது என்றும் மற்றது தோற்றது என்றும் சொல்லலாம். முதலில் சமச்சீரைச் சோதித்துவிட்டே உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது ஐகன் மதிப்புகள், அதாவது அணியால் பெருக்கினாலும் திசைக்கோடு மாறாத வெக்டர்கள் எத்தனை மடங்காகின்றன என்ற எண்கள்; மிகை உறுதி அணிக்கு அவை எல்லாம் மிகை. சோலெஸ்கியைவிடப் பல மடங்கு வேலை. ஆனால் "எவ்வளவு தூரம் தவறு" என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மிகச் சிறிய ஐகன் மதிப்பு −10⁻¹⁵ என்றால் அது வட்டமிடல் தூசு. மூலைவிட்டத்தில் 10⁻¹⁰ அளவில் சிறிது கூட்டிவிட்டுப் போகலாம். −0.1 என்றால் தரவில் கோளாறு. அப்போது குறை ஐகன் மதிப்புகளைப் பூச்சியமாக்கி மூலைவிட்டத்தை மறுபடி 1-க்குக் கொண்டுவரும் ஒட்டுவேலை ஒரு வழி. கணிதவியலாளர் நிக்கலஸ் ஹையம் 2002-ல் தந்த, மிக அருகில் இருக்கும் ஒட்டுறவு அணியைத் தேடும் முறை அதைவிட நேர்மையான வழி. இரண்டுக்கும் முன்னால், விடுபட்ட நாட்களை ஒழுங்குபடுத்தி எல்லா ஜோடிக்கும் ஒரே நாட்களை வைத்துக் கணக்கிட முடியுமா என்று பாருங்கள்.

நான்காவதுதான் சிறு உள் அணிகளின் உண்மையான பலம். முழு அணி மிகை உறுதி என்றால் அதன் எல்லா முதன்மை உள் அணிகளும் மிகை உறுதி. எனவே ஒரு சிறு துண்டு தோற்றாலே முழுதும் தோற்றது. ஐம்பது மாறிகள் உள்ள ஒட்டுறவு அணி தோற்றால், மும்மூன்றாக எடுத்துப் பாருங்கள். 19,600 மூவர் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாய்ப்பாடு. எந்த மூவர் ஒத்துவரவில்லை என்று பெயரோடு தெரிந்துவிடும். சோலெஸ்கியின் எண் மாறிகளை அடுக்கிய வரிசையைப் பொறுத்தது, இது அப்படியல்ல. மும்மூன்றும் தேறினால் முழுதும் தேறியது என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது.

அலகும் கவனிக்க வேண்டியது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, சோழவரத்தினுடையது 1,081. மில்லியன் கன அடியை வெறும் கன அடியாக்கினால், உடன்மாறுபாட்டு அணியின் (ஒட்டுறவு அணியைப் போன்றது, ஆனால் அளவுகளின் அலகைச் சுமந்திருப்பது) ஒவ்வோர் உறுப்பும் 10¹² மடங்காகும். சோழவரத்தையும் சேர்த்த நான்கு ஏரிகளின் 4×4 அணிக்கோவை 10⁴⁸ மடங்காகும். குறி மாறாது. ஆனால் "அணிக்கோவை 0.001-க்கு மேல்" என்பது போன்ற எந்த எல்லையும் அர்த்தமிழந்துவிடும். கொள்ளளவின் சதவீதமாக மாற்றிக்கொண்டு தொடங்குவதே நல்லது.

வெட்டினால் ஒன்று, நீக்கினால் வேறு

இதுவரை இரண்டு வழிகளும் ஒரே விடைக்குப் போட்டி போட்டன. இனி வருவது அப்படியல்ல.

பூண்டியிலிருந்து கால்வாய்கள் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் போகிறது. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் என்ற வரிசையில் உடன்மாறுபாட்டு அணி இது என்று கொள்வோம். இதுவும் கணக்குக்கான எண்களே:

4  2  2
2  5  3
2  3  6

பூண்டி வேண்டாம், மற்ற இரண்டு மட்டும் போதும். என்ன செய்வது?

முதல் நிரையையும் நிரலையும் வெட்டினால் 5, 3 / 3, 6 என்ற 2×2 மிஞ்சும். பூண்டியைப் பற்றி எதுவும் கேட்காமல் புழலும் செம்பரம்பாக்கமும் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று இது சொல்கிறது. ஒட்டுறவு 3/√30, அதாவது 0.55.

முதல் நிரையைக் கொண்டு மற்ற நிரைகளில் நீக்கல் செய்து மிஞ்சும் 2×2-ஐ எடுத்தால் 4, 2 / 2, 5 வரும். 5 − 2×2/4, 3 − 2×2/4, 6 − 2×2/4 என்ற கணக்கு. இதற்கு ஷூர் நிரப்பி என்று பெயர்; இந்தப் பெயரை 1968-ல் வைத்தவர் எமிலி ஹேன்ஸ்வொர்த். பூண்டியின் இருப்பு தெரிந்துவிட்ட பிறகு மற்ற இரண்டிலும் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம் இது. ஒட்டுறவு 2/√20, அதாவது 0.45. இரண்டும் சேர்ந்து ஆடுவதில் ஒரு பங்கு பூண்டியால் வந்தது, அது கழிந்துபோனது.

எது சரி என்ற கேள்வியே இல்லை. "பூண்டியின் அளவு இனி கிடைக்காது" என்றால் வெட்டுங்கள். "பூண்டியின் அளவு கையில் இருக்கிறது, அதை வைத்து மற்றவற்றைக் கணிக்கிறேன்" என்றால் நீக்குங்கள். இந்த இரண்டு வாக்கியங்களில் எது உங்களுடையது என்று எழுதிவைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் பாதிப் பிழைகள் வராது.

மீதிப் பாதி நேர்மாறு அணியில் வருகிறது. முதலில் நேர்மாறு கண்டு பிறகு வெட்டுவதும், முதலில் வெட்டிப் பிறகு நேர்மாறு காண்பதும் ஒன்றல்ல. முழு அணியின் அணிக்கோவை 64. அதன் நேர்மாறில் புழலும் செம்பரம்பாக்கமும் இருக்கும் மூலையை மட்டும் வெட்டி எடுத்தால் முதல் உறுப்பு 5/16 = 0.3125. வெட்டிய 2×2-ன் நேர்மாறில் அதே உறுப்பு 6/21 = 0.2857. நேர்மாறிலிருந்து வெட்டியது உண்மையில் ஷூர் நிரப்பியின் நேர்மாறு. அதாவது நேர்மாறு அணியில் வெட்டல் நீக்கலாகிவிடுகிறது, நீக்கல் வெட்டலாகிவிடுகிறது. ஒருவர் நேர்மாறு அணியைச் சேமித்துவைத்துவிட்டுப் போக, அடுத்தவர் அதிலிருந்து தேவையான நிரைகளை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால், கணினி எந்தப் பிழையும் சொல்லாது. விடை மட்டும் வேறு கேள்விக்கானதாக இருக்கும்.

சரிபார்க்க எளிய வழி: முழு அணிக்கோவை = வெளியேற்றிய பகுதியின் அணிக்கோவை × ஷூர் நிரப்பியின் அணிக்கோவை. இங்கே 4 × 16 = 64. வெட்டியதைத் தவறாக வைத்திருந்தால் 4 × 21 = 84 வந்து காட்டிக்கொடுக்கும்.

மெட்ரோ வரைபடத்தில் அதே கேள்வி

சென்னை மெட்ரோவில் நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திப்பதால் நடுவே ஒரு வளையம் உண்டாகிறது. ஐந்து நிலையங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பச்சையில் கோயம்பேடு, நீலத்தில் சைதாப்பேட்டை, இரண்டிலும் உள்ள சென்ட்ரலும் ஆலந்தூரும், வால்போல் விமான நிலையம். இடையில் உள்ள நிலையங்களை ஒரே இணைப்பாகச் சுருக்கிவிடலாம். மூலைவிட்டத்தில் ஒவ்வொரு நிலையத்தின் இணைப்புகளின் எண்ணிக்கை, இணைந்த ஜோடிகளுக்கு −1 என்று எழுதினால் லாப்லாசியன் அணி. மூலைவிட்டம்: சென்ட்ரல் 2, கோயம்பேடு 2, சைதாப்பேட்டை 2, ஆலந்தூர் 3, விமான நிலையம் 1.

இதன் ஒவ்வொரு நிரையின் கூடுதலும் பூச்சியம் என்பதால் முழு அணிக்கோவை பூச்சியம். ஆனால் 1847-ல் கிர்க்காஃப் கண்டது: ஏதாவது ஒரு நிலையத்தின் நிரையையும் நிரலையும் வெட்டினால், மிஞ்சும் அணிக்கோவை எல்லா நிலையங்களையும் வளையமில்லாமல் இணைக்கும் வழிகளின் எண்ணிக்கை. எந்த நிலையத்தை வெட்டினாலும் விடை ஒன்றே, வேலைதான் வேறு. விமான நிலையத்தை வெட்டினால் பின்னிப் பிணைந்த 4×4 மிஞ்சும். ஆலந்தூரை வெட்டினால் விமான நிலையம் 1 என்று தனியே கழன்றுவிடும். மற்ற மூன்றும் கோயம்பேடு, சென்ட்ரல், சைதாப்பேட்டை என்ற வரிசையில் 2, −1, 0 / −1, 2, −1 / 0, −1, 2 என்ற அணியாகும். அதன் அணிக்கோவை 4. வளையத்தில் நான்கு இணைப்புகள், எதையாவது ஒன்றை எடுக்கலாம், ஆக நான்கு வழிகள், விடை பொருந்துகிறது. அதிக இணைப்புள்ள முனையை வெட்டுவது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு நிலையத்தின் நிரையையும் வேறொரு நிலையத்தின் நிரலையும் வெட்டினால் குறி மாறி −4 வரக்கூடும். இணைக்காரணியின் குறியைச் சேர்க்க மறக்கக் கூடாது.

கோயம்பேட்டை வெட்டாமல் நீக்கினால்? சென்ட்ரலின் 2 என்பது 1.5 ஆகும், ஆலந்தூரின் 3 என்பது 2.5 ஆகும், இரண்டுக்கும் நடுவே −0.5 புதிதாக முளைக்கும். மின்சுற்றாக நினைத்தால் பொருள் புரியும்: தொடராக இருந்த இரண்டு ஓர் ஓம் மின்தடைகள் ஒரே இரண்டு ஓம் தடையாகிவிட்டன. மின்பொறியாளர்கள் கிரான் சுருக்கம் என்பது இதைத்தான். வலைப்பின்னலைச் சுருக்க வேண்டுமானால் நீக்கல். ஒரு முனையைத் தரையோடு இணைத்து அதன் மின்னழுத்தத்தைப் பூச்சியமாக்க வேண்டுமானால் வெட்டல். மாற்றிச் செய்தால் கோயம்பேட்டின் வழியாகப் போன மின்னோட்டம் எங்கே போனது என்றே தெரியாது.

கணினி நிரலில் எழுதும்போது

மேட்லாபில் நிரை எண்களையும் நிரல் எண்களையும் இரண்டு பட்டியலாகக் கொடுத்தால் உள் அணி வரும். எண்ணிக்கை 1-ல் தொடங்கும். நம்பையில் 0-ல் தொடங்கும், அதோடு அதே எழுத்துமுறையில் உள் அணி வராது. நிரைகள் 0, 2, நிரல்கள் 1, 3 என்று இரண்டு பட்டியலை நேரே கொடுத்தால், நம்பை அவற்றை ஜோடி சேர்த்து (0,1), (2,3) என்ற இரண்டு உறுப்புகளை மட்டும் எடுத்துத் தரும். 2×2 வேண்டுமானால் பட்டியல்களை ஐஎக்ஸ் (np.ix_) செயல்கூறு வழியாக அனுப்ப வேண்டும், அல்லது முதலில் நிரைகளையும் பிறகு நிரல்களையும் என்று இரண்டு முறை வெட்ட வேண்டும். இரண்டு பட்டியலின் நீளமும் வேறாக இருந்தால் பெரும்பாலும் பிழைச் செய்தி வந்துவிடும். நீளம் ஒன்றாக இருக்கும்போதுதான் தவறு மறைந்துகொள்ளும்.

தொடக்கம், முடிவு என்று முக்காற்புள்ளியால் வெட்டினால் நம்பை நகல் எடுப்பதில்லை. மூல அணியின் மேலேயே ஒரு சன்னலைத் திறந்து காட்டுகிறது. அந்த உள் அணியில் நீக்கல் செய்தால் மூல அணியும் மாறிவிடும். பட்டியலால் வெட்டினால் நகல். ஒரே கணினி நிரலில் இரண்டு விதமும் கலந்து இருந்தால், வெட்டியவுடன் நகல் எடுத்துவிடுங்கள். ஆயிரம் நிரை ஆயிரம் நிரல் உள்ள இரட்டைத் துல்லிய அணிக்கே 8 மெகாபைட்தான் ஆகிறது.